எருமைக்குட்டை ஆமைகளும் முத்தாயியின் கணக்கும்

சுண்ணாம்புக் கம்பத்தில் முத்தாயிக்கு முகம் தெரியாத தமிழ்ப் பெண்ணே கிடையாது என்பார்கள். சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையையும் அதை ஒட்டிய மாட்டுக் கொட்டகைகளையும் சேர்த்து நம்மவர்கள் அந்த நாளில் சுண்ணாம்புக் கம்பம் என்றுதான் அழைத்தார்கள். யார் எந்தக் கொட்டகைக்காரர் மனைவி, யாருக்கு எந்த ஊர், யார் போன வருஷம் கப்பலில் வந்தவள் என்று முத்தாயி சொல்லிவிடுவாள். ஊர்வம்புக்கு ஆசைப்பட்டு வந்த பழக்கம் அல்ல அது. அவள் தன் தங்கை பாக்கியத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அக்காளும் தங்கையும் நாகப்பட்டினத்தில் ஒன்றாகத்தான் கப்பல் ஏறினார்கள். முத்தாயியின் புருஷன் மருதப்பன் முன்பே இங்கு வந்து எருமை மேய்த்துக்கொண்டிருந்தான். பெற்றவர்கள் இல்லாததால் பாக்கியத்தையும் கூட அழைத்து வரும்படி அவன்தான் சொல்லி அனுப்பியிருந்தான். கப்பலில் அம்மை கண்டது. எல்லோரையும் கரைக்கு விடாமல் ஒரு தீவில் இறக்கி வைத்தார்கள். பாக்கியத்துக்குக் காய்ச்சல் வந்து, அவளை வேறு கொட்டகைக்கு மாற்றினார்கள். பிறகு ஒரு நாள் படகுக்குப் பெயர் கூப்பிட்டபோது முத்தாயியின் பெயர் மட்டும் வந்தது. தங்கை இல்லாமல் போகமாட்டேன் என்று அழுதாள். அடுத்த படகில் வந்துவிடுவாள் என்று சொல்லி ஏற்றிவிட்டார்கள். முத்தாயி இறங்கிய துறையிலேயே பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தாள். அடுத்த படகு வேறு துறையில் போய் ஒதுங்கியது அவளுக்கு மறுநாள்தான் தெரிந்தது.

மருதப்பன் ஆள் வைத்து விசாரித்தான். அந்தப் பெயருள்ள பெண் குணமாகி ஊருக்குள் இறங்கிவிட்டாள் என்ற ஒரு பதில் மட்டும் கிடைத்தது. பாக்கியம் உயிரோடு இருக்கிறாள், இந்த ஊரில்தான் எங்கோ இருக்கிறாள். அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை.

அதிலிருந்து ஏழு வருஷமாக முத்தாயி ஒரு திருவிழாவையும் விட்டதில்லை. தைப்பூசத்துக்கு டேங்க் ரோடு, தீமிதிக்கு சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில், ஆடி வெள்ளிகளில் சிராங்கூன் சாலையிலேயே இருக்கும் காளியம்மன் கோயில். சாமி கும்பிடுவதைவிடப் பெண்கள் வெளியே வரும் வழியில் நிற்பதுதான் அவளுக்கு முக்கியம். பாக்கியத்துக்கு முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது. அதனால் சிரித்தால் வாயைக் கையால் மூடிக்கொள்வாள். கூட்டத்தில் எவளாவது வாயை மூடிச் சிரித்தால் முத்தாயி இடித்துக்கொண்டு அவள் எதிரில் போய் நிற்பாள். இப்படி நின்று நின்றுதான் அத்தனை பெண்களையும் தெரிந்துகொண்டாள். சிலர் அவளைக் கண்டதும், "இல்ல அக்கா, இந்த வருசமும் பார்க்கல" என்று தாங்களாகவே சொல்லிவிடுவார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டில் எருமைக்குட்டையைத் தூர்க்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்தது. கொசுவும் காய்ச்சலும் பெருகுகின்றன என்பது காரணம். குட்டை போனால் எருமை எங்கே புரளும்? கொட்டகைக்காரர்கள் எருமைகளை விற்கத் தொடங்கினார்கள். மருதப்பன் வேலை செய்த கொட்டகையின் சொந்தக்காரர் பரமசிவம், இனிப் பசுக்கள் மட்டும் போதும் என்று முடிவு செய்துவிட்டார். அதே சமயம் ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் மருதப்பனுக்கு வேலையும் இருக்க ஒரு அறையும் தருவதாக ஒரு கங்காணி சொன்னார். மருதப்பனுக்குப் போக ஆசை. முத்தாயிக்குச் சிங்கப்பூரை விட்டு ஒரு அடிகூட நகர மனமில்லை. தோட்டத்துக்குள் போய்விட்டால் திருவிழா இல்லை, கூட்டம் இல்லை, தங்கை இல்லை. தீமிதி முடியட்டும், அப்புறம் பேசலாம் என்று தள்ளிப்போட்டாள்.

அந்த இடைவெளியில்தான் ஆமை டாக்டர் வந்தார். அவர் வெள்ளைக்காரர். பகலில் நோயாளிகளைப் பார்ப்பார். மற்ற நேரமெல்லாம் ஆமை, உடும்பு, தவளை என்று அலைவார். தூர்ப்பதற்கு முன்பு அந்தக் குட்டையில் எத்தனை ஆமைகள் இருக்கின்றன என்று அவர் தெரிந்துகொள்ள விரும்பினார். மற்ற மேய்ப்பர்கள் ஆமையைத் தொட மறுத்தார்கள். அது வந்த இடம் விளங்காது என்பது அவர்கள் எண்ணம். மருதப்பன், "குட்டையே போகுது, இதுக்கு மேல என்ன விளங்காமப் போகப்போகுது" என்று சொல்லி வேலையை ஒப்புக்கொண்டான். முத்தாயியும் சேர்ந்துகொண்டாள். டாக்டர் பேசுவதைத் தமிழில் சொல்ல அப்துல் அலீம் என்ற நாகூர்க்காரர் கூட வந்தார். அவர் ஒரு கடையில் கணக்கெழுதியவர், இங்கிலீஷ் தெரிந்தவர், கொஞ்சம் அவசரக்காரர். கம்பத்தில் எல்லோரும் அவரை, அண்ணன் என்ற பொருளில், நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

வேலை இப்படி நடந்தது. மீன் பிடிக்கும் கூடை போன்ற மூங்கில் பறிகளில் வாழைப்பழம் வைத்துக் கரையோரம் தண்ணீரில் இறக்குவார்கள். எருமைகள் புரளும் நடுச்சேற்றில் பறி வைக்க முடியாது, மிதித்து நொறுக்கிவிடும். அதனால் எருமை வராத கிழக்குக் கரையை மருதப்பன் தேர்ந்தெடுத்தான். காலையில் பறியைத் தூக்கி, மாட்டிய ஆமைகளின் ஓட்டு ஓரத்தில் அரத்தால் சின்னதாக ஒரு வெட்டுப் போட்டு, திரும்ப விட்டுவிடுவார்கள். ஏன் பிடிக்கிறோம், ஏன் விடுகிறோம் என்று மருதப்பனுக்குப் புரியவில்லை. "நம்ம கல்யாணத்துல பாய்க்கும் பந்தலுக்கும் அடையாளம் போட்டு வாடகைக்கு விட்டானே, அந்த மாதிரி ஏதோ" என்று முத்தாயியிடம் சொல்லிச் சிரித்தான். இப்படி நாற்பது ஆமைகளுக்கு வெட்டு விழுந்தது. கொஞ்ச நாள் குட்டையைச் சும்மா விட்டார்கள். பிறகு மறுபடியும் பறி வைத்தார்கள். இந்தத் தடவை முப்பது மாட்டின. அவற்றில் இருபத்தேழில் பழைய வெட்டு இருந்தது.

டாக்டர் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். ஐரோப்பாவில் கடல்மீன்களுக்குக்கூட இப்படி அடையாளம் போட்டு விடுகிறார்களாம். அவர் சொன்னதை அலீம் முத்தாயிக்கும் மருதப்பனுக்கும் விளக்கினார்.

"இப்பப் பாரு. ரெண்டாந் தடவை பிடிச்சதுல பத்துக்கு ஒம்பது, ஏற்கனவே நாம பார்த்த ஆமை. அப்ப குட்டையில இருக்கறதுலயும் பத்துக்கு ஒம்பதை நாம பார்த்தாச்சு. நாப்பது ஆமைக்கு வெட்டுப் போட்டிருக்கோம். மொத்தம் நாப்பத்துநாலு, மிஞ்சிப்போனா நாப்பத்தஞ்சு. அவ்வளவுதான் குட்டை."

"பார்க்காததையும் எண்ணிடலாமா நானா?" என்று முத்தாயி கேட்டாள்.

"அதுதானே இதுல விசேசம்" என்றார் அலீம்.

டாக்டர் அதோடு நிறுத்தவில்லை. ஒரு விரலைத் தூக்கிக்கொண்டு இங்கிலீஷில் இன்னும் கொஞ்சம் பேசினார். அலீம் அதற்குத் தலையை ஆட்டிவிட்டு, வெயில் ஏறுகிறது, பறிகளைக் கட்டுங்கள் என்றார்.

பத்துக்கு ஒன்பது. அந்தக் கணக்கு முத்தாயியின் மனதில் ஒட்டிக்கொண்டது. மிகச் சுலபமாக இருந்தது அது. எழுதப் படிக்க வேண்டாம், விரல் போதும்.

அந்த வருஷத் தீமிதிக்கு அவள் விரல்களோடு போனாள். பூக்குழிக்கு அந்தப்பக்கம் பெண்கள் வரும் வழியில் வழக்கமான இடத்தில் நின்றாள். வருகிறவள் தெரிந்த முகமென்றால் வலது கையில் கட்டைவிரலை ஒரு ரேகை நகர்த்தினாள். தெரியாத முகமென்றால் இடது கையில். வலது கை சுற்றிச் சுற்றி வந்தது. இடது கை எப்போதாவதுதான் நகர்ந்தது. கூட்டம் கலையும்போது பத்துக்கு ஒன்பதுகூட இல்லை, அதற்கும் மேலே இருந்தது. புதிதாகப் பார்த்தவர்களும் இந்த வருஷக் கப்பலில் வந்தவர்கள்.

அப்படியானால் இந்த ஊரில் உள்ள தமிழ்ப் பெண்களில் அநேகமாக எல்லோரையும் அவள் பார்த்துவிட்டாள். பாக்கியம் அவர்களில் இல்லை. பாக்கியம் இந்த ஊரிலேயே இல்லை. ஏழு வருஷமாக யார் சொல்லியும் கேட்காதவள், ஆமைக் கணக்கு சொன்னதும் கேட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தவள் சமைக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் கிணற்றடிக்குப் போய்த் தலைமுழுகினாள். செத்தவர்களுக்குத்தான் அப்படி முழுகுவார்கள். ஈரத் தலையோடு வந்து, "ஜொகூருக்கு எப்பப் போகணும்னு கங்காணிகிட்டக் கேளுங்க" என்றாள். மருதப்பன் இத்தனை நாள் எதிர்பார்த்த வார்த்தைதான் அது. ஆனால் அவளைப் பார்த்ததும் அவனுக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை. எருமைகள் முழுவதும் விற்றாகட்டும், மாசி மாதம் போகலாம் என்று மட்டும் சொன்னான்.

அதற்குப்பின் முத்தாயி திருவிழா பற்றிப் பேசவில்லை. தைப்பூசத்துக்கும் போகவில்லை. கம்பத்துப் பெண்களுக்கு அதுதான் ஆச்சரியமாக இருந்தது. சாலையில் யாராவது வாயை மூடிச் சிரித்தால் தலையைத் திருப்பிக்கொண்டாள். ஆனாலும் சோறு பரிமாறும்போது சில நாள் மூன்று தட்டு எடுத்துவிடுவாள். மருதப்பன் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்துவிடுவான். தங்கை வந்து சேர்ந்தால் அவளுக்கென்று ஒரு தட்டு வேண்டும் என்று அவள் கேட்டு, அவன்தான் அதை வாங்கிக்கொடுத்திருந்தான்.

மாசியில் மழை நின்றதும் குட்டையின் ஒரு கரையை வெட்டி, தண்ணீரை ரோச்சோர் கால்வாய்ப் பக்கம் ஓடவிட்டார்கள். தண்ணீர் வடிய வடியச் சேறு வெளியே தெரிந்தது. மருதப்பன் மிச்ச ஆமைகளை எடுத்து வேறு இடத்தில் விட டாக்டருக்கு உதவிக்கொண்டிருந்தான். முத்தாயி மூட்டை கட்டுவதற்குக் கயிறு வாங்கிக்கொண்டு அந்த வழியாக வந்தாள்.

நடுச்சேறு அசைந்துகொண்டிருந்தது. எருமைகள் இத்தனை வருஷம் புரண்ட பள்ளத்திலிருந்து ஆமைகள் வந்தன. பெரிய ஆமைகள், ஓட்டில் பாசி படர்ந்தவை, இரண்டு கை சேர்த்தால்தான் தூக்க முடிகிறவை. கூலியாட்கள் தொட்டி தொட்டியாகக் கொண்டுவந்து வைத்தார்கள். நாற்பத்தைந்தைத் தாண்டியது. நூறைத் தாண்டியது. முத்தாயி கயிற்றைக் கீழே போட்டுவிட்டுத் தொட்டிகளின் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு ஓட்டின் ஓரத்தையும் தடவிப் பார்த்தாள். பெரும்பாலானவற்றில் வெட்டே இல்லை.

டாக்டர் கோபப்படவில்லை. கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து, புதிதாக ஒன்று கிடைத்தவர்போல அலீமிடம் வேகமாகப் பேசிக்கொண்டிருந்தார். முத்தாயி எழுந்து அவர்களிடம் போனாள்.

"நானா, நாப்பத்தஞ்சுன்னீங்களே."

டாக்டர் சொன்னதை அலீம் இந்தத் தடவை ஒன்றும் விடாமல் சொன்னார். வாழைப்பழத்துக்கு ஆசைப்பட்ட ஆமைகள் திரும்பத் திரும்பப் பறிக்குள் வந்திருக்கின்றன. ஒரு தடவை தின்று பழகியவைதான் மறுபடியும் மாட்டின. சேற்றில் கிடக்கும் பெரியவை கரைக்கே வருவதில்லை. அங்கே நாம் பறி வைக்கவும் இல்லை. எல்லா ஆமையும் ஒரே மாதிரி மாட்டும் என்றால்தான் பத்துக்கு ஒன்பது என்ற கணக்கு செல்லும். இல்லாவிட்டால் நாம் எண்ணியது குட்டையை அல்ல, மாட்டுகிற ஆமைகளை மட்டும்தான்.

"இதை அவர் அன்னைக்கே சொன்னாரா?"

"சொன்னாரு" என்றார் அலீம். "எல்லாம் ஒரே மாதிரி மாட்டினாத்தான்னு சொன்னாரு. நான்தான் உங்களுக்கு எதுக்கு அதெல்லாம்னு விட்டுட்டேன். ஆமைக் கணக்குத்தானேம்மா. இதுக்கு ஏன் உனக்குக் கண்ணு கலங்குது?"

முத்தாயி சொன்னாள். விரல் விட்டு எண்ணியதையும் தலைமுழுகியதையும் சேர்த்துச் சொன்னாள். அலீம், தன் மனைவி உம்மு சல்மாவை ஏழு வருஷத்தில் எங்காவது பார்த்திருக்கிறாயா என்று கேட்டார். முத்தாயி யோசித்தாள். பார்த்ததில்லை. அலீமின் வீடு மாரியம்மன் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது.

அன்று நடந்து வரும்போது அவளுக்கு ஒவ்வொன்றாகத் தோன்றியது. கோயிலுக்கு வர முடிந்தவர்களைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்களே ஒவ்வொரு திருவிழாவுக்கும் வந்தார்கள். லீவு கிடைக்காமல் தங்ளின் என்ற பகுதியில் வெள்ளைக்காரர்களின் பங்களாக்களில் பிள்ளை வளர்க்கும் ஆயாக்கள் வரமாட்டார்கள். முஸ்லிமைக் கட்டிக்கொண்டவள் வரமாட்டாள். வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவள் ஆனவள் வரமாட்டாள். மலாய்க்காரர் வீட்டிலோ சீனர் வீட்டிலோ வாழ்கிறவள், புருஷன் வெளியே விடாதவள், நோயாளி, வெட்கப்பட்டு ஒதுங்கியவள், யாருமே வரமாட்டார்கள். பதினாறு வயதில் காய்ச்சலோடு தனியாகக் கரை இறங்கிய ஒரு பெண், யார் கை நீட்டினாலும் பிடித்துக்கொண்டு போயிருப்பாள். அந்தக் கை கோயிலுக்கு வரும் கையாக இருந்தே ஆக வேண்டுமா? இந்து வீட்டுப் பெண்ணை இந்துக் கோயிலில்தான் தேட வேண்டும் என்று அவள் ஒரு நாளும் தன்னிடம் சொல்லிக்கொண்டதில்லை. ஆனாலும் ஏழு வருஷம் அதைத்தான் செய்திருந்தாள்.

வீட்டில் பாதி மூட்டை கட்டியிருந்தது. மருதப்பன் வந்ததும் தான் வரவில்லை என்றாள். அவன் அதிர்ச்சி அடைந்ததாகத் தெரியவில்லை. தொட்டிகளின் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்ததை அவனும் பார்த்திருந்தான். கங்காணிக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது, போகாமல் இருக்க முடியாது, இங்கே தனக்கு வேலையும் இல்லை என்று சொன்னான். எல்லாம் உண்மைதான் என்று அவளும் ஒப்புக்கொண்டாள்.

"உசுரோட இருக்கிறவளுக்குத் தலைமுழுகிட்டேனே" என்றாள்.

"முழுகினா என்ன? தலை காஞ்சாச்சுல்ல" என்றான் மருதப்பன். கொஞ்சம் கழித்து, "நீ தேடு புள்ள. நான் போய்ச் சம்பாதிக்கிறேன். ஆனா ஒன்னு, என்னையும் தேடற மாதிரி வச்சுடாத" என்றான்.

அவன் போன பிறகு வீடு எப்படி இருந்தது என்று முத்தாயி யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு தட்டு சும்மா கிடந்தது. தேடுவதற்கு ஒருத்தி போதாது என்று இப்போது காத்திருக்க ஒருவனும் சேர்ந்துகொண்டான். சில காலை வேளைகளில் எழுந்ததும் தான் செய்தது சரியா என்று யோசிப்பாள். ஆனாலும் பானையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

அவள் செய்தது இதுதான். பரமசிவம் கொட்டகையில் பசும்பாலைத் தோய்த்துத் தயிராக்கி விற்க ஆரம்பித்தாள். தயிருக்குச் சுண்ணாம்புக் கம்பத்திலேயே வாங்க ஆள் உண்டு. அங்கே அவள் விற்கவில்லை. தலையில் சும்மாடு வைத்துப் பானையை ஏற்றிக்கொண்டு, தமிழ்க்குரல் கேட்காத தெருக்களாகப் பார்த்துப் போனாள். முஸ்லிம்கள் வாழும் கம்போங் கிளாமின் சந்துகள், தங்ளின் பங்களாக்களின் பின்கட்டு, கால்வாய்க்கு அப்பால் மலாய்க் குடிசைகள். முன்வாசலுக்குப் போகமாட்டாள். தயிர்க்காரிக்குச் சமையலறை வாசல்தான் திறக்கும், சமையலறையில்தான் பெண்கள் இருப்பார்கள். "தயிரு, தயிரு" என்று தமிழில்தான் கூவுவாள். மலாயில் கூவினால் இன்னும் அதிகம் விற்கும் என்று பரமசிவம் சொன்னார். விற்பதற்காக மட்டும் கூவவில்லை என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

முதலில் அவள் போனது அலீம் வீட்டுக்கு. உம்மு சல்மா அவளை உள்ளே உட்காரவைத்து, தனக்குத் தெரிந்த வீடுகளையெல்லாம் சொன்னாள். அந்த வீடுகளில் முத்தாயி பார்த்தேயிராத தமிழ்ப் பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி, இரண்டு பேர் என்றில்லை. ஒவ்வொரு சந்திலும் இருந்தார்கள். தஞ்சாவூர்க்காரி, மதுரைக்காரி, ஊர்ப் பெயரே மறந்தவள். ஒருத்திகூட பாக்கியம் இல்லை. ஊர் இவ்வளவு பெரியதா என்று நினைக்கும்போது அவளுக்குச் சில நேரம் பயமாகவும் இருந்தது. குட்டையில் நாற்பத்தைந்துதான் என்று நம்பியிருந்தபோது அழுது தீர்த்துவிட முடிந்தது. இப்போது அழுது தீரவில்லை.

ஒரு நாள் கம்போங் கிளாமில் கடல்பக்கமாக இருந்த ஒரு சந்தில் கூவிக்கொண்டு போனாள். ஒரு சமையலறைக் கதவு பாதி திறந்தது. தலையில் துணி போட்ட ஒரு பெண் கிண்ணத்தை நீட்டி, மலாயில் விலை கேட்டாள். முத்தாயி விலையைத் தமிழில் சொல்லிவிட்டுத் தயிரை ஊற்றினாள். அந்தப் பெண் கிண்ணத்தை வாங்கிக்கொள்ளாமல் அப்படியே நின்றாள். அவளுக்கு நாற்பது வயதுக்கு மேலிருக்கும். பாக்கியமாக இருக்க வழியில்லை.

"நீங்க சுண்ணாம்புக் கம்பத்துலருந்தா வர்றீங்க?" என்று அவள் தமிழில் கேட்டாள். வார்த்தைகளைத் தேடித் தேடி எடுப்பதுபோல இருந்தது.

"ஆமாங்க."

"அம்மன் கோயிலுக்கெல்லாம் போவீங்களா?"

"ஏழு வருசம் விடாமப் போயிருக்கேன்."

அந்தப் பெண் உள்ளே ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு குரலைத் தணித்து, "அங்க யாராச்சும் அஞ்சலைன்னு கேட்டாங்களா? எங்கண்ணன் பின்னாலயே வர்றேன்னு சொல்லிச்சு. வந்துச்சா இல்லையான்னு தெரியல. ஆம்பிளைங்க நிக்கிற பக்கமா, யாராச்சும் நின்னு தேடிக்கிட்டிருந்தாங்களா?" என்றாள்.

ஆண்கள் பக்கம் முத்தாயி ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. யாராவது இருந்திருக்கலாம். ஒவ்வொரு வருஷமும் ஒரே இடத்தில் நின்று, தங்கை இந்த ஊரிலேயே இல்லை என்று முடிவு செய்து, போயிருக்கவும் போயிருக்கலாம்.

பானையைத் தலையிலிருந்து இறக்கிப் படியில் வைத்தாள். சும்மாட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எந்த ஊருங்க நீங்க? அண்ணன் பேரு என்ன? ஆளு எப்படி இருப்பாரு, நெதானமாச் சொல்லுங்க" என்றாள்.

அஞ்சலை கதவை முழுவதுமாகத் திறந்தாள்.